வேகவைத்தாலும் விடாத இறால்: புரதமும் நோயெதிர்ப்பும் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்வதில்லை. சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள் உதடு தடித்து, உடம்பெல்லாம் அரிப்பெடுக்கிறது. நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டுச் செய்து பார்த்தும் பயனில்லை. ஆனால், முட்டை ஒவ்வாமை உள்ள என் அக்காள் மகன் கேக் சாப்பிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு புரதம் வெந்தால் அடங்குவதும் இன்னொன்று அடங்காததும் ஏன்?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: வேகவைத்தோ வறுத்தோ இனி ஒருபோதும் நீங்களாக முயன்று பார்க்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடியது, இறாலின் தசையில் உள்ள டிரோபோமயோசின் என்னும் புரதம். 284 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் எளிய அமைப்பு அதனுடையது. கொதிநீரில் அந்த முறுக்கு அவிழ்ந்தாலும், ஆறியதும் மீண்டும் பழையபடியே சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு அது நீரில் கரையக்கூடியது. ஆகவே குழம்பில் கிடக்கும் இறாலை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்வதும் உங்களுக்குப் பாதுகாப்பானதன்று.

எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள நம் உடல் உருவாக்கும் புரதம்) ஒரு புரதத்தின் மேல் பற்றிக்கொள்ளும் இடம் இரு வகைப்படும். அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்த ஒரு சிறு பகுதியையே சில எதிர்ப்பொருள்கள் பற்றும். வேறு சில, இழை மடிந்து சுருளும்போது தொலைவில் உள்ள பகுதிகள் அருகருகே வந்து உண்டாக்கும் வடிவத்தைப் பற்றும். பின்னலைப் பிரித்துவிட்டால் பின்னலின் வடிவம் போய்விடும். முடியின் நிறம் போகாது. முட்டை வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் சூட்டில் வடிவம் குலையும் புரதம் என்பதால், அதன் வடிவத்தை மட்டுமே அறிந்த எதிர்ப்பொருள்கள் வெந்த முட்டையில் பற்றிக்கொள்ள இடமின்றிப் போகின்றன. அதே வெள்ளைக்கருவில் ஓவோமியூகாய்டு என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அது சூட்டுக்கு எளிதில் அசையாது. உங்கள் அக்காள் மகனுடைய எதிர்ப்பொருள்கள் ஓவால்புமினின் வடிவத்தை நாடுபவையாக இருக்கலாம். கேக்கில் கோதுமை மாவோடு கலந்து நீண்ட நேரம் சுடப்படுவதும் உதவுகிறது. அதற்காக அவனுக்கு ஆஃப்பாயில் கொடுத்துச் சோதித்துவிடாதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வாமைக்குரிய ஐஜிஇ வகை எதிர்ப்பொருள்கள், தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் முன்கூட்டியே ஒட்டிக் காத்திருக்கின்றன. ஒரே புரதத் துணுக்கு இரண்டு ஐஜிஇ-க்களைச் சேர்த்துப் பிடித்தால்தான் அந்தச் செல், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளிவிடும். ஒன்றை மட்டும் பிடிக்கக்கூடிய மிகச் சிறிய பெப்டைடால் (சில அமினோ அமிலங்களே கோத்த புரதத் துண்டால்) அதைத் தூண்ட முடியாது. டிரோபோமயோசினில் ஐஜிஇ பற்றும் இடங்கள் பல இருப்பதே அதன் வலு. நண்டிலும், கரப்பானிலும், வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் ஏறக்குறைய இதே டிரோபோமயோசின் உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு நண்டும் ஒத்துக்கொள்ளாததற்கு அதுவே காரணம். கோழியின் தசையிலும் டிரோபோமயோசின் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அது நம் உடலில் உள்ளதைப் பெரிதும் ஒத்திருப்பதால், நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் பற்றும் என்றும், டி செல் என்ற வெள்ளணு மட்டும் துண்டாக்கப்பட்ட பெப்டைடை, அதுவும் எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் பொருத்திக் காட்டினால்தான் கண்டுகொள்ளும் என்றும் படித்தேன். இவ்வளவு சுற்றுவழி எதற்கு?
(முதுநிலை மாணவர், திருச்சி)

பதில்: வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருளுக்கு அது தெரியாது என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும், உள்ளே உருவாகும் புரதங்களில் ஒரு பகுதியை ஓயாமல் புரோட்டியசோம் என்ற நொதித் தொகுதியில் இட்டு நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகளை முதல் வகை எம்.எச்.சி. மூலக்கூறுகளில் ஏற்றி, செல்லின் மேற்பரப்பில் வைத்துக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் உள்ளே இருந்தால், மேலே வைக்கப்படும் பல்லாயிரம் துண்டுகளில் சில அதனுடையவையாக இருக்கும். அவற்றுள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே போதும், உரிய டி செல் அந்தச் செல்லைக் கொல்வதற்கு. டி செல்லால் தனியே மிதக்கும் முழுப் புரதத்தைப் பற்ற முடிந்திருந்தால், இரத்தத்தில் திரியும் வைரஸ் துகள்களிலேயே அது சிக்கிக்கொண்டு, கொல்ல வேண்டிய செல்லை வந்தடையாமலே போயிருக்கும். நீங்கள் சுற்றுவழி என்று குறிப்பிடுவது, டி செல்லின் கவனத்தைச் செல்லின் மேற்பரப்போடு கட்டிப்போடும் ஏற்பாடு.

இது தெரியவந்த விதம் சுவையானது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் சுவிஸ் மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்நாகலும், கால்நடை மருத்துவம் படித்த பீட்டர் டோஹர்ட்டியும், மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் டி செல்களைப் பிரித்தெடுத்தனர். அந்த டி செல்கள் தம் இனத்து எலியின் தொற்றுண்ட செல்களைக் கொன்றன; வேறோர் இனத்து எலியின் செல்களை, அதே வைரஸ் தொற்றியிருந்தும், தொடவில்லை. வைரஸை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் கொன்றிருக்க வேண்டும். டி செல் வைரஸையும் தன் இனத்துக்குரிய எம்.எச்.சி.யையும் சேர்த்தே பார்க்கிறது என்று 1974-இல் அவர்கள் அறிவித்தனர். 1996-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால், 'சேர்த்து' என்றால் எப்படி என்பது 1987 வரை தெளிவாகவில்லை. அந்த ஆண்டு ஹார்வர்டில் பமீலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிஞ்சர் ஆகியோரின் குழு, எச்.எல்.ஏ.-ஏ2 என்ற மனித எம்.எச்.சி. மூலக்கூறின் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளியிட்டது. மூலக்கூறின் உச்சியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில், யாரும் வைக்காமலே, ஏதோ ஒரு பொருள் கிடந்தது. செல்லிலிருந்து மூலக்கூறைப் பிரித்தெடுத்தபோது கூடவே வந்துவிட்ட பெப்டைடுகள் அவை. அறிவியல் படங்களில் இவ்வளவு வெளிப்படையாக ஒரு விடையைச் சொல்லும் படம் அரிது என்பது என் எண்ணம்.

மனிதரின் எம்.எச்.சி.க்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதன் பள்ளத்தின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். எச்.எல்.ஏ.-ஏ2 பெரும்பாலும், இரண்டாம் இடத்தில் லியூசினும் ஒன்பதாம் இடத்தில் வேலினோ லியூசினோ உள்ள பெப்டைடுகளையே ஏற்கும், வேறு எச்.எல்.ஏ. உடையவருக்குத் தேவைப்படும் அமினோ அமிலங்கள் வேறு. மனிதரிடையே 30,000-க்கும் மேற்பட்ட எச்.எல்.ஏ. வகைகள் இனம் காணப்பட்டுள்ளன. ஆகவே ஒரு வைரஸ் தன் புரதத்தில் ஒரு எழுத்தை மாற்றி ஒருவரின் டி செல்களிடமிருந்து தப்பினாலும், அடுத்த வீட்டுக்காரரிடம் அந்தத் தந்திரம் பலிக்காமல் போகலாம். உறுப்பு மாற்று அறுவைக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது அரிதாக இருப்பதற்கும் இதே பன்மைதான் காரணம். வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை: சைட்டோமெகலோ வைரஸ் எம்.எச்.சி. மூலக்கூறுகளைச் செல்லுக்குள்ளேயே அழித்துவிடும். அப்போது, எம்.எச்.சி. குறைந்துபோன செல்லைத் தேடிக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்கள் களமிறங்குகின்றன.

இரண்டாம் வகை எம்.எச்.சி.யைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்ட்ரைட்டிக் செல்களும், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களும் வெளியிலிருந்து விழுங்கிய புரதத்தை நறுக்கி, இன்னும் நீளமான துண்டுகளை உதவி டி செல்களுக்குக் காட்டுவது இதில்தான். ஒரு பி செல், தன் எதிர்ப்பொருளால் வடிவம் பார்த்துப் பற்றிய புரதத்தை விழுங்கி, அதன் துண்டைக் காட்டி, டி செல்லின் உதவியைப் பெறுகிறது. அதாவது, வடிவமாக ஒருவரும் துண்டாக மற்றவரும் ஒரே புரதத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வலுவான எதிர்ப்பொருள் உருவாகும். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுவென்சா பி என்ற பாக்டீரியாவின் மேலுறை சர்க்கரையால் ஆனது. சர்க்கரையிலிருந்து டி செல்லுக்குக் காட்டப் பெப்டைடு கிடைக்காது என்பதால், கைக்குழந்தைகளுக்கு அதை மட்டும் செலுத்தினால் பலன் இல்லை. அதை டெட்டனஸ் புரதத்தோடு இணைத்துத் தந்தால் பலன் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அரசு அறிமுகப்படுத்திய ஐந்து நோய்த் தடுப்பூசியில் இந்த உத்திதான் உள்ளது.

கேள்வி: பருப்பு, பால், மீன் என்று அன்றாடம் எத்தனையோ அந்நியப் புரதங்களை உண்கிறோம். இவற்றையெல்லாம் உடல் ஏன் எதிர்ப்பதில்லை?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பகுதி செரிமானத்தில் தனித்தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்குகளாகவும் உடைந்துவிடுவதால், எதிர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆயினும் சிறிதளவு புரதம் உடையாமலே குடற்சுவரைக் கடந்து உள்ளே வருகிறது. அதைச் சந்திக்கும் குடல் சார்ந்த டென்ட்ரைட்டிக் செல்கள், கிருமியின் அறிகுறி எதுவும் உடன் இல்லாதபோது, அதைத் தாக்கும்படி ஏவாமல், அடக்கி வைக்கும் டி செல்களை உருவாக்குகின்றன. ஒரு புரதம் அந்நியமானது என்ற ஒரே காரணத்துக்காக உடல் போர் தொடுப்பதில்லை. எந்த வழியாக, எந்தச் சூழலில் அது வந்தது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலையை உணவில் சேர்த்தார்கள். மறு பாதியினருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் சாப்பிட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமைக்கு அஞ்சிக் குழந்தைக்குப் பல உணவுகளைத் தள்ளிப்போடச் சொன்ன பழைய அறிவுரையை அந்த ஆய்வு புரட்டிப்போட்டது.

இந்தப் பொறுமை குலையும் இடமும் உண்டு. கோதுமையின் கிளையடின் புரதத்தில் 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு பகுதியை இரைப்பை, கணையம், குடல் ஆகிய எவற்றின் நொதிகளாலும் வெட்ட முடிவதில்லை. புரோலினும் குளுட்டமினும் அதில் நிறைந்திருப்பதே காரணம். குடலில் உள்ள டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதி, அந்தக் குளுட்டமின்களில் சிலவற்றைக் குளுட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மாற்றத்தால் வந்த எதிர்மின்னேற்றம், டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற எச்.எல்.ஏ. பள்ளத்தில் அச்சாகப் பொருந்துவதால், டி செல்கள் கிளர்ந்து குடலின் உறிஞ்சிகளைச் சிதைக்கின்றன. இதுதான் சீலியாக் நோய். நம் நாட்டில் இந்த எச்.எல்.ஏ. வகைகள் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தும், நோய் வடக்கில் பல மடங்கு மிகுதி. தெற்கே நம் தட்டில் சோறு இருப்பது ஒரு காரணமாக இருக்க வேண்டும். இட்லியைச் சப்பாத்தி விரட்டிவரும் இக்காலத்தில் நம் மருத்துவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

கேள்வி: சருமப் பொலிவுக்கென்று விற்கப்படும் கொலாஜன் பெப்டைடு பொடியைக் குடித்தால் உடலில் அதற்கு எதிர்ப்பு உண்டாகுமா?
(வாசகி, சென்னை)

பதில்: பெரும்பாலோருக்கு உண்டாகாது. ஏற்கெனவே நொறுக்கப்பட்ட அந்தத் துணுக்குகளைக் குடல் மேலும் நொறுக்கிவிடும். ஆனால், பல பொடிகள் மீன் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் சீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது. கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பைச் சென்னையிலேயே 1950-களில் ஜி. என். ராமச்சந்திரன் கண்டு சொன்னார். அந்த அழகிய அமைப்பு எதுவும் உங்கள் பொடியில் மிஞ்சியிருக்காது.

கேள்வி: என் தாயார் முன்பு மாட்டு இன்சுலின் போட்டுக்கொண்டவர். அப்போது ஊசி போட்ட இடம் தடிக்கும்; இப்போது அப்படி இல்லை. இன்சுலினை உறைய விடக் கூடாது என்று சொல்வதற்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், சேலம்)

பதில்: இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில், பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் இடத்திலும், மாட்டு இன்சுலின் மூன்று இடங்களிலும் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த மூன்று போதுமானவை. 1950-களில் நியூயார்க்கில் சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டபோது, இவ்வளவு சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்று இதழாசிரியர்கள் நம்ப மறுத்தனர். 1956-இல் கட்டுரை வெளிவர, தலைப்பிலிருந்து எதிர்ப்பொருள் என்ற சொல்லையே எடுக்க வேண்டியதாயிற்று. அதே எதிர்ப்பொருளைக் கொண்டு இரத்தத்தில் உள்ள மிகச் சிறிதளவு ஹார்மோனையும் அளக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். 1977-இல் நோபல் பரிசு யாலோவுக்குக் கிடைத்தபோது, பெர்சன் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. மரபணு மாற்றிய நுண்ணுயிரியில் தயாரித்த மனித இன்சுலின் 1982-இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற பிறகு, தூய்மையும் கூடி, உங்கள் தாயார் பட்டது போன்ற தொல்லைகள் பெரிதும் குறைந்துவிட்டன.

உறைய விடக் கூடாது என்பதற்கு முதன்மையான காரணம், மருந்தின் வீரியம் கெட்டுவிடும் என்பதே. உறைந்து உருகும்போது புரத மூலக்கூறுகள் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று திரள்கின்றன. நீங்கள் கேட்ட தொடர்பும் இங்கேதான் உள்ளது: ஒரே வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திரள், பி செல்லுக்குக் கிருமியின் மேற்பரப்பை நினைவூட்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் ஊற ஊசியாகப் போடும் எரித்ரோபொய்ட்டின் மருந்து ஒன்றில், ஐரோப்பாவில் 1998-இல் சேர்மானம் மாற்றப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் சில நோயாளிகளின் உடலில் உருவான எதிர்ப்பொருள், மருந்தை மட்டுமன்றி அவர்களுடைய சொந்த எரித்ரோபொய்ட்டினையும் முடக்கி, சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. மருந்துப் புரதம் மனிதப் புரதத்தின் நகலாகவே இருந்தும் இது நேர்ந்தது. ஆகவே இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வையுங்கள். உறைபெட்டியை ஒட்டி வைக்க வேண்டாம்.

கேள்வி: இதுவரை உலகில் இல்லாத வைரஸின் புரதத்தைக்கூட அறியும் செல் நம் உடலில் முன்பே இருப்பது எப்படி? அப்படியானால் நம் சொந்தப் புரதத்தைத் தாக்கும் செல்லும் இருக்குமே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கிறது. நம்மிடம் உள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. எதிர்ப்பொருள் வகைகளோ கோடிக்கணக்கானவை. ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது சில மரபணுத் துண்டுகளை வெட்டி, தாறுமாறாகத் தேர்ந்து ஒட்டிக்கொள்வதால் இது இயலுகிறது என்று 1976-இல் பாசல் நகரில் சுசுமு டோனெகாவா காட்டினார். டி செல்லும், பெப்டைடைக் கண்டுகொள்ளும் தன் ஏற்பியை இப்படித்தான் அமைத்துக்கொள்கிறது. குருட்டாம்போக்கில் உருவாவதால், சொந்தப் புரதத்தைப் பற்றுபவையும் வந்தே தீரும். டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில், ஏர் என்ற மரபணுவின் தூண்டுதலால், கணையத்துக்குரிய இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களும் சிறிதளவு தயாரிக்கப்பட்டு, அவற்றை இறுகப் பற்றும் டி செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்குவதற்கென்று ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உண்டு. அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகவே ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கேள்வி: வயலில் கண்ணாடி விரியன் கடித்து என் தந்தையார் அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து பெற்றுப் பிழைத்தார். வீடு திரும்பி ஒரு வாரம் கழிந்ததும் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் தடிப்பு. விஷம் மிச்சம் இருக்கிறது என்று ஊரில் பேசுகிறார்கள். மறுபடி பாம்பு கடித்தால் அந்த மருந்தைப் போடவே கூடாது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: விஷம் மிச்சமில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அந்த மருந்து. நஞ்சு கொடுப்பதில், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குதிரையின் எதிர்ப்பொருளும் ஒரு புரதம்தான். உங்கள் தந்தையாரின் உடலுக்கு அது அந்நியப் புரதம். நம் இரைப்பையிலும் உள்ள பெப்சின் என்ற நொதியால் அதன் அடிப்பகுதியை வெட்டி நீக்கி, நஞ்சைப் பற்றும் கிளைகளை மட்டும் மருந்தாக்குவதால் தொல்லை குறைகிறதே தவிர, முற்றிலும் நீங்குவதில்லை.

உடல் அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் குதிரைப் புரதம் முழுவதும் வெளியேறியிருக்காது. புதிய எதிர்ப்பொருளும் மிச்சப் புரதமும் பிணைந்த கூட்டுகள் சிறு இரத்தக் குழாய்களிலும் மூட்டுகளிலும் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் பெற்ற குழந்தைகளிடம் இதே நிலையைக் கண்டு, வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் 1905-இல் சீர நோய் என்று விவரித்தார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும். ஆனால், காய்ச்சலும் மூட்டு வலியும் தொடர்ந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலத்துக்குத் தருவார்கள். கண்ணாடி விரியனின் நஞ்சே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால், சிறுநீரின் அளவைச் சில வாரங்களுக்குக் கவனித்து வாருங்கள்.

மறுமுறை கடித்து, நஞ்சு ஏறியதற்கான அறிகுறி இருந்தால், மருந்தைப் போட்டே ஆக வேண்டும். முன்பு பெற்றவர் என்பதால் ஒவ்வாமை விரைவாகவும் கடுமையாகவும் வரலாம். அதற்கு மருத்துவர்கள் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு மருந்தைச் செலுத்துவார்கள். தோலில் சிறிதளவு குத்திச் சோதிப்பது, யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதைச் சரியாகக் காட்டாது, காலமும் வீணாகும். முன்பு மருந்து பெற்ற விவரமும், அதன்பின் வந்த காய்ச்சலும் தடிப்பும் பற்றிய விவரமும் எழுதிய சீட்டு ஒன்று உங்கள் தந்தையாரிடம் எப்போதும் இருக்கட்டும்.